அணையக் கூடாத கிளாக்குகள்: லினக்ஸ் கெர்னலில் அவற்றைக் கண்டறிந்து காக்கும் முறை

புதிதாகச் செய்த போர்டில் லினக்ஸ் ஏறும்போது, சீரியல் திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடி, பயன்படாத கிளாக்குகளை நிறுத்துவதாகச் சொல்லும் ஒற்றை வரி வந்து, அதற்குப் பிறகு எதுவுமே வராமல் நின்றுபோனால், மின்சாரம் போய்விட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். காட்பாடியில் கோடைக்கால மாலை நேரத்தில் அது நியாயமான சந்தேகமும்கூட. ஆனால் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். போர்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சில்லு தொட்டால் சுடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், தான் உட்கார்ந்திருந்த கிளையைத் தானே வெட்டிக்கொண்டது என்பது சற்று நேரம் கழித்துத்தான் விளங்கும்.

எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய வன்பொருள் கிளாக்குகளை எப்படிக் கண்டறிவது, கண்டறிந்த பின் அவற்றைக் கெர்னலிடம் எந்த வகையில் பதிவு செய்வது என்பவற்றை இங்கே விளக்குகிறேன். ஆர்ம் வகைச் சில்லுகளில் லினக்ஸ் ஏற்றுபவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கிளாக் என்று நான் குறிப்பிடுவது மணி காட்டும் கடிகாரத்தை அன்று. சில்லின் ஒவ்வொரு பகுதியையும் இயக்கும் சீரான மின்துடிப்பை. ஃபிளாக்குகள் (கிளாக்கின் இயல்பைக் குறிக்கும் அடையாளங்கள்), பூட் அளவுருக்கள் (ஏற்றும்போது கெர்னலுக்குத் தரும் சொற்கள்), செயல்கூறுகள் ஆகியவற்றின் பெயர்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இட்டுத் தட்ட வேண்டும். கிளாக் என்ற சொல் இப்பெயர்களில் பெரும்பாலும் சி, எல், கே என்ற மூன்றெழுத்தாகச் சுருங்கியிருக்கும்.

கெர்னல் ஏன் நிறுத்துகிறது

ஒரு சில்லுக்குள் இருக்கும் கிளாக்குகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை அல்ல. போர்டில் பற்றவைத்திருக்கும் படிகத்திலிருந்து, எடுத்துக்காட்டாக 24 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், துடிப்பு புறப்படுகிறது. பிஎல்எல் என்னும் சுற்று அதைப் பல மடங்காக உயர்த்துகிறது. வகுப்பிகள் தேவைக்கேற்பக் குறைக்கின்றன. எந்த மூலத்திலிருந்து எடுப்பது என்பதை மக்ஸ் தீர்மானிக்கிறது. கடைசியில் கேட் என்னும் கதவு திறந்திருந்தால்தான் அது உரிய பகுதியைச் சென்றடைகிறது. வாலாஜாபேட்டைக்கு அருகே பாலாற்று அணைக்கட்டில் பிரியும் தண்ணீர், கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்கு வந்து, ஏரியின் மதகுகளிலிருந்து வாய்க்கால் வாய்க்காலாக வயல்களுக்குப் பிரிவதைப் பார்த்தவர்களுக்கு கிளாக்குகளின் இந்த மர வடிவம் புதிதாக இராது. வயலோரத்து மடையைத் திறந்தே வைத்திருந்தாலும், மேலே கால்வாயை அடைத்துவிட்டால் தண்ணீர் வராது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்திருந்தால் கீழே வரும் சிக்கல்களில் பாதி தானாக விளங்கிவிடும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு சில்லுக் குடும்பமும் தனக்கென்று தனியான கிளாக் நிரலை வைத்திருந்தது. 2012 இல் வெளிவந்த 3.4 ஆம் பதிப்பில்தான் எல்லோருக்கும் பொதுவான கிளாக் கட்டமைப்பு கெர்னலுக்குள் வந்தது. அது ஒவ்வொரு கிளாக்குக்கும் இரண்டு கணக்குகளை வைத்திருக்கிறது. ஒன்று பிரிப்பேர் கணக்கு. பிஎல்எல் நிலைபெறக் காத்திருப்பது, ஐ-ஸ்கொயர்-சி என்னும் இணைப்பு வழியாக வெளிச்சில்லோடு பேசுவது போன்ற, தூங்கிக் காத்திருக்கக்கூடிய வேலைகள் இதைச் சேர்ந்தவை. மற்றொன்று எனேபிள் கணக்கு. ரெஜிஸ்டர் என்னும் வன்பொருள் நினைவுக் கட்டத்தில் ஒரு பிட்டை மாற்றுவது போன்ற, தூங்காமல் கணத்தில் முடியும் வேலைகள் இதைச் சேர்ந்தவை. ஒரு டிரைவர், அதாவது ஒரு வன்பொருள் பகுதியை இயக்கும் நிரல், தன் கிளாக்கைக் கேட்கும்போது அதன் கணக்கு பூச்சியத்திலிருந்து ஒன்றாகிறது. அத்துடன் அதன் தாய்க் கிளாக்கின் கணக்கும், அதற்கு மேலே உள்ளதன் கணக்கும் ஏறுகின்றன. விடும்போது அவ்வாறே இறங்குகின்றன. பூச்சியம் ஆனதும் கதவு அடைபடுகிறது.

கெர்னலுக்கு முன் ஓடி அதை ஏற்றும் பூட்லோடர் பல கிளாக்குகளைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கெர்னலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. அவற்றில் எவற்றை யாரும் கேட்கவில்லையோ அவற்றின் கணக்கு பூச்சியம். வன்பொருளிலோ அவை ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் ஒவ்வொரு கிளாக்கும் மின்சாரத்தை உண்கிறது. அந்தச் செலவு மின்தேக்கத்துக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும், அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். ஆகையால் தொடக்க வேலைகளின் கடைசிக் கட்டத்தில், கெர்னல் மரம் முழுவதையும் ஒருமுறை சுற்றிவந்து, கணக்குப் பூச்சியமாக இருந்தும் ஓடிக்கொண்டிருப்பவற்றை நிறுத்துகிறது. கேட்டவர் பெயர் ஏட்டில் இல்லாத மதகுகளை எல்லாம், நீரைப் பங்கிடும் ஊழியரான நீர்க்கட்டி அடைத்துக்கொண்டே வருவதைப் போன்றது இது. அவர் செய்வதில் பிழையில்லை. ஏட்டில் பெயர் எழுதாத வயல்காரர் ஒருவர் இருப்பதுதான் பிழை.

இரண்டு ஃபிளாக்குகளும் ஒன்றல்ல

இந்தச் சிக்கலுக்கு விடை தேடுபவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்வது கிளாக் இக்னோர் அன்யூஸ்டு என்ற ஃபிளாக்கை அல்லது அதே பெயருள்ள பூட் அளவுருவை. போட்டவுடன் போர்டு எழுந்துகொள்ளும். வேலை முடிந்தது என்று எண்ணத் தோன்றும். அந்த ஃபிளாக் தரும் உறுதி மிகச் சிறியது: கடைசிச் சுற்றின்போது இந்தக் கிளாக்கைத் தொடமாட்டேன் என்பது மட்டுமே. அதன் கணக்கு பூச்சியமாகவே இருக்கும். பின்னொரு நேரம் ஏதேனும் ஒரு டிரைவர் அதைக் கேட்டுவிட்டு விட்டால் அது நின்றுபோகும். அதைவிடத் தந்திரமான வழியிலும் நின்றுபோகும். அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், குழாயில் ஓடும் நீரின் அளவைப் பதிவு செய்யும் போர்டு ஒன்றை வைத்திருந்தோம். அதில், சில்லின் பகுதிகளை இணைக்கும் பஸ் என்னும் தடம் ஒன்றின் கிளாக்குக்கு எந்த டிரைவரும் இல்லை. எழும்போதே தொங்கியதால் அதற்கு இக்னோர் அன்யூஸ்டு போட்டு அனுப்பிவிட்டேன். பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய போர்டு இரவில் உறைந்தது. பம்ப் அறையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் காலையில் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, பச்ச லைட்டு எரியுது, நம்பர் மட்டும் நேத்து ராத்திரி நின்ன எடத்துலயே நிக்குது." மோட்டார் ஓடுகிறதா அண்ணே என்று கேட்டேன். "மோட்டார நிறுத்துன பெறகுதான் தம்பி இதுவும் நிக்குது, நாலு நாளா நானும் பாக்குறேன்" என்றார்.

நான்கு நாட்களாக நான் மின்வழங்கியை மாற்றிக்கொண்டிருந்தேன். விடையை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மோட்டார் நின்றால் எங்கள் நிரல் அளவீட்டுச் சென்சாரை மூடிவிடும். சென்சார் இணைந்திருந்த எஸ்பிஐ என்னும் தொடர் இணைப்பின் டிரைவர் வேலை இல்லாததால் தன் கிளாக்கை விட்டுவிடும். எஸ்பிஐ கிளாக்குக்கும் அந்தப் பஸ் கிளாக்குக்கும் தாய் ஒன்றே, ஒரு வகுப்பி. எஸ்பிஐ பிடித்திருந்தவரை வகுப்பியின் கணக்கு ஒன்று. அது விட்டதும் பூச்சியம். கெர்னல் வகுப்பியையே அடைத்தது. பஸ் கிளாக்கின் கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் கால்வாயில் தண்ணீர் இல்லை. பஸ்ஸின் மறுபக்கத்தில் இருந்த ரெஜிஸ்டர் ஒன்றைப் படிக்கப்போன செயலி, வராத பதிலுக்காக விடியும்வரை காத்திருந்தது.

கிளாக் இஸ் கிரிட்டிகல் என்ற ஃபிளாக் வேறு வகையானது. கெர்னலின் தலைப்புக் கோப்பில் அதற்கு எதிரே எழுதியிருக்கும் குறிப்பு, ஒருபோதும் கதவை அடைக்காதே என்ற பொருளில் இருக்கும். கிளாக் பதிவாகும் கணத்திலேயே கெர்னல் தானே அதைப் பிரிப்பேர் செய்து எனேபிள் செய்கிறது, கணக்கு ஒன்றாகிறது, மேலே உள்ள தாய், பாட்டி எல்லாவற்றின் கணக்கும் ஒன்று கூடுகின்றன. பஸ் கிளாக்குக்கு இதைப் போட்டிருந்தால், அந்த வகுப்பியை எஸ்பிஐ விட்டாலும் அதன் கணக்கு பூச்சியத்தைத் தொடாது. யாரேனும் தவறுதலாகக் கூடுதலாக ஒருமுறை விட்டால், கிரிட்டிகல் கிளாக்கை நிறுத்த முயல்வதாகக் கெர்னல் எச்சரிக்கை எழுதி, நிறுத்த மறுத்துவிடும். ஆக, நிலையாக ஓட வேண்டிய கிளாக்குக்கு இக்னோர் அன்யூஸ்டு ஒருபோதும் விடையாகாது என்பது என் கருத்து; அது நோயறியும் கருவி, மருந்து அன்று.

எந்தக் கிளாக் என்று கண்டுபிடித்தல்

முதலில், சிக்கல் கிளாக்கினால் வந்ததுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பூட் அளவுருக்களைத் தரும் பூட் வரியில் கிளாக் இக்னோர் அன்யூஸ்டு என்பதைச் சேர்த்து ஏற்றிப் பாருங்கள். பயன்படாதவற்றை நிறுத்தவில்லை என்று கெர்னல் ஒரு வரி எழுதும். போர்டு எழுந்தால் சந்தேகம் சரி. எழாவிட்டால், சில்லின் பகுதிகளுக்கு மின்சாரம் தந்து நிறுத்தும் பவர் டொமைன் பக்கம் பார்க்க வேண்டும். அதற்குப் பிடி இக்னோர் அன்யூஸ்டு என்று தனி அளவுரு உண்டு. போர்டு நன்றாக எழுந்து, ஏறத்தாழ 30 விநாடிகள் கழித்துச் செத்தால், கிளாக்கை விட்டுவிட்டு, மின்னழுத்தத்தைச் சீராகத் தரும் ரெகுலேட்டரைத் தேடுங்கள். யாரும் கேட்காத ரெகுலேட்டர்களைக் கெர்னல் அணைப்பது அந்தத் தாமதத்துக்குப் பிறகுதான். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு வாரத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

இன்னொரு பொறியும் உண்டு. நின்றுபோனது போர்டாக இல்லாமல், சீரியல் போர்ட்டின் கிளாக்காக மட்டும் இருக்கலாம். அப்போது கெர்னல் உள்ளே நலமாக ஓடிக்கொண்டிருக்கும், வாய்தான் அடைபட்டிருக்கும். ஆகவே போர்டின் ஒரு எல்இடியை ஹார்ட்பீட் என்ற தூண்டுதலோடு, போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் இணைத்துவிடுங்கள். கெர்னல் உயிரோடு இருக்கும்வரை அது இதயத்துடிப்பைப் போல இரண்டிரண்டாகச் சிமிட்டும். மின்வழங்கியோடு நேராக இணைந்த விளக்கு எதையும் சொல்லாது. பம்ப் அறையில் விடியும்வரை எரிந்த பச்சை விளக்கு அந்த வகைதான்.

அடுத்தது பட்டியலைப் படித்தல். இக்னோர் அன்யூஸ்டு அளவுருவோடு எழுந்த போர்டில், கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ் கோப்பு முறைமையை ஏற்றி, அதன் கிளாக் அடைவுக்குள் இருக்கும் கிளாக் சம்மரி என்ற கோப்பைப் படியுங்கள். மரம் முழுவதும் உள்தள்ளல்களோடு அச்சாகும். ஒவ்வொரு வரியிலும் எனேபிள் கணக்கு, பிரிப்பேர் கணக்கு, வேகத்தைப் பூட்டியவர்களின் கணக்கு, வேகம் ஆகியவை வரும். அண்மைக் காலக் கெர்னல்களில் வன்பொருள் நிலையைக் காட்டும் ஒரு பத்தியும் இருக்கும். அதில் ஒய் (ஆம்) என்றிருந்தால் வன்பொருளில் அந்தக் கிளாக் ஓடுகிறது, என் (இல்லை) என்றிருந்தால் ஓடவில்லை, கேள்விக்குறி இருந்தால் அந்த டிரைவருக்கு நிலையைப் படிக்கத் தெரியாது. நமக்கு வேண்டியவை, எனேபிள் கணக்கு பூச்சியமாக இருந்து, வன்பொருளில் ஒய் என்றிருக்கும் வரிகள். கடைசிச் சுற்றில் கெர்னல் வெட்டப்போகும் பெயர்கள் இவற்றில்தான் இருக்கும். இந்தப் பட்டியலை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். பல போர்டுகளில் அது ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

பட்டியலிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழியில் கெர்னலையே பேச வைக்கலாம். கிளாக் டிசேபிள், கிளாக் டிசேபிள் கம்ப்ளீட் ஆகிய இரண்டு தடயப்புள்ளிகளையும் (கெர்னல் தன் செயலை அறிவிக்கும் இடங்கள்) பூட் வரியின் டிரேஸ் ஈவென்ட் அளவுருவில் கொடுத்து, டிபி பிரின்ட்கே என்பதையும் சேர்த்தால், ஒவ்வொரு கிளாக் நிறுத்தப்படுவதற்கு முன்னும் பின்னும் அதன் பெயர் சீரியல் திரையில் வரும். இப்போது இக்னோர் அன்யூஸ்டு அளவுருவை எடுத்துவிட்டு ஏற்றுங்கள். தொடங்கியதாகச் சொல்லி முடிந்ததாகச் சொல்லாத பெயர் இருந்தால், விடை கையில் வந்துவிட்டது. எல்லாமே முடிந்ததாகச் சொல்லிவிட்டுப் பிறகு தொங்கினால் சற்றுப் பொறுமை வேண்டும். கிளாக் நிற்பது ஒரு கணம், அதனால் முடங்கிய பகுதியை யாரேனும் தொடுவது இன்னொரு கணம். ஆகவே கடைசியாக வந்த நான்கைந்து பெயர்களையும் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது வழி கெர்னலைத் திருத்திக் கட்டுவது. எனக்குப் பிடித்தது இதுவே. கிளாக் கட்டமைப்பின் முதன்மை மூலக் கோப்பில், டீபக்எஃப்எஸ் வழியாக எழுதுவதை அனுமதிக்கும் கிளாக் அலவ் ரைட் டீபக்எஃப்எஸ் என்ற பெயர் (இதில் கிளாக் என்ற சொல் சுருங்காமல் முழுதாக இருக்கும்), வேண்டுமென்றே வரையறை நீக்கப்பட்டு இருக்கும். அந்த ஒரு வரியை வரையறையாக மாற்றிக் கட்டினால், ஒவ்வொரு கிளாக்கின் அடைவிலும் கிளாக் பிரிப்பேர் எனேபிள் என்ற கோப்பு தோன்றும். இக்னோர் அன்யூஸ்டு அளவுருவோடு போர்டை எழுப்பி, சந்தேகப் பட்டியலில் உள்ள ஒரு கிளாக்கின் கோப்பில் 1 என்று எழுதுங்கள், பிறகு 0 என்று எழுதுங்கள். முதல் எழுத்து கணக்கை ஒன்றாக்கும். இரண்டாவது எழுத்து அதைப் பூச்சியமாக்கி, கதவை உண்மையிலேயே அடைத்துவிடும். போர்டு செத்தால் குற்றவாளி அதுவே. சாகாவிட்டால் பெயரை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒரு மாலைப் பொழுதில் இருபது முப்பது கிளாக்குகளை இப்படிச் சோதித்துவிட முடியும். ஆனால் தாயின் மேல் கண் இருக்க வேண்டும்: வேறு யாரும் பிடிக்காத தாயாக இருந்தால், பிள்ளைக்கு 0 எழுதும்போது தாயும் சேர்ந்து நிற்கும், செத்தது எதனால் என்று சம்மரியோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இப்படிக் கட்டிய கெர்னலை எக்காரணம் கொண்டும் வாடிக்கையாளரிடம் அனுப்பாதீர்கள்.

யார் பெயரில் எழுதுவது

கிளாக் எது என்று தெரிந்தவுடன் கிரிட்டிகல் ஃபிளாக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை. முதல் கேள்வி, இதைக் குடிப்பவர் யார் என்பது. குடிப்பவருக்குக் கெர்னலில் ஒரு டிரைவர் இருந்தால், அல்லது டிவைஸ் ட்ரீயில் ஓர் இடம் இருந்தால், கிளாக்கை அவர் பெயரில் எழுதுவதே முறை. அப்போதுதான் அவருக்கு வேண்டாத நேரத்தில் அது நிற்கும், மின்சாரமும் மிச்சமாகும்.

வைஃபை சில்லுக்குப் போகும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிளாக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டின் பதினைந்தாம் அடுக்கு 32,768. பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும் என்பதால்தான் கைக்கடிகாரத்திலிருந்து சில்லு வரை எல்லோரும் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், நேரம் காக்கும் டிஎஸ்3231 ஆர்டிசி சில்லுக்குக்கூட இந்த வேகத்தில் துடிப்பைத் தரும் ஒரு கால் (பின்) உண்டு. லினக்ஸ் டிரைவர் அந்தக் காலையும் ஒரு கிளாக்காகப் பதிவு செய்கிறது. அதிலிருந்து வைஃபைக்குக் கம்பி போட்டுவிட்டு டிவைஸ் ட்ரீயில் எழுத மறந்தால், யாரும் கேட்காத கிளாக் என்று கெர்னல் அதை நிறுத்திவிடலாம். வைஃபை மட்டும் காரணம் தெரியாமல் எழாமல் கிடக்கும். எஸ்டிஐஓ என்னும் மெமரி கார்டு வகை இணைப்பு வழியாக இணைந்த வைஃபையாக இருந்தால், டிவைஸ் ட்ரீயில் எம்எம்சி பவர்செக் சிம்பிள் என்ற கணுவில் (பதிவில்) எக்ஸ்ட் கிளாக் என்ற பெயரில் அதை எழுதுங்கள். வைஃபைக்கு மின்சாரம் வரும்போது கிளாக்கும் வரும்.

பூட்லோடர் காட்டிய சின்னம் திரையில் தெரிந்துகொண்டிருக்க, கெர்னல் எழுந்ததும் திரை கறுத்துப்போவதும் இதே வகை. திரையின் முழு டிரைவர் மாட்யூலாக, அதாவது பிறகு ஏற்றப்படும் தனிக் கோப்பாக, பின்னால் வருகிறது; கடைசிச் சுற்றோ மாட்யூல்கள் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. சிம்பிள் ஃபிரேம்பஃபர் கணுவில் அந்தத் திரைக்கு வேண்டிய கிளாக்குகளைக் குறிப்பிட்டால், முழு டிரைவர் வரும்வரை அந்தச் சிறு டிரைவர் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். ஈதர்நெட் கம்பியோடு பேசும் ஃபை என்னும் சில்லுக்கு நம் சில்லிலிருந்து துடிப்பு போனால் ஃபை கணுவில் எழுத வேண்டும். நீங்களே எழுதிய டிரைவராக இருந்தால், தேவ்எம் கிளாக் கெட் எனேபிள்டு என்ற ஒரே அழைப்பு கிளாக்கைப் பெற்று, பிரிப்பேர் செய்து, எனேபிள் செய்து, டிரைவர் விலகும்போது தானே விட்டும் விடும்.

கெர்னலுக்குச் சொந்தமே இல்லாத கிளாக்குகளும் உள்ளன. சில்லில் ஓடும் அடிப்படை நிரலான பாதுகாப்பு ஃபர்ம்வேர் தன் கைக்குள் வைத்திருக்கும் அவற்றின் ரெஜிஸ்டரைத் தொட்டாலே சில சில்லுகள் மறுதொடக்கம் ஆகிவிடும். குவால்காம் சில்லுகளில் இதற்காக டிவைஸ் ட்ரீயில் புரொடெக்டட் கிளாக்ஸ் என்ற பண்பு இருக்கிறது. அதில் எழுதியவற்றை டிரைவர் பதிவே செய்யாது. தெரியாத கிளாக்கை அடைக்க முடியாதல்லவா.

இவை எதிலும் அடங்காதவை எஞ்சும்: நினைவகக் கட்டுப்பாட்டி, உள் பஸ், வேறொரு செயலி அமைதியாகப் பயன்படுத்தும் கிளாக் ஆகியவை. இவற்றுக்குத்தான் கிரிட்டிகல். ராஸ்பெர்ரி பையின் கிளாக் டிரைவரில், விபியூ என்னும் செயலியின் கிளாக் கிரிட்டிகல் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஃபர்ம்வேர் ஓடுவது அந்தச் செயலியில்தான், லினக்ஸ் டிரைவர்கள் எல்லாம் விட்டுவிட்டாலும் அது நிற்கக் கூடாது. அதே டிரைவர், எழும்போது ஒரு கிளாக் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்றால் அது கிரிட்டிகல் அன்று என்று முடிவு செய்து ஃபிளாக்கை நீக்கியும் விடுகிறது. பின்பற்றத்தக்க நல்ல வழக்கம் அது. ஆல்வின்னர் சில்லுகளின் டிரைவர்களில் நினைவகக் கிளாக்கின் பக்கத்தில் இந்த ஃபிளாக்கைப் பார்க்கலாம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

ஃபிளாக்கை இலையில் போடுங்கள், வேரில் போடாதீர்கள். பஸ் கிளாக் வேண்டுமென்றால் பஸ் கிளாக்கின் மேல் போட்டால் போதும். தாய்கள் தாமாகத் தொடர்ந்து வருவார்கள். பயந்துபோய்ப் பிஎல்எல்லின் மேலேயே போட்டால், நாளை அந்தப் பஸ் வேறு மூலத்துக்கு மாறிய பிறகும் பிஎல்எல் வீணாக ஓடும், பிஎல்எல்லுக்குக் கீழே உள்ள வகுப்பியும் கேட்டும் காப்பின்றிக் கிடக்கும்.

இடம் கிளாக் கட்டுப்பாட்டியின் டிரைவர்தான். டிவைஸ் ட்ரீயில் கிளாக் கிரிட்டிகல் என்ற பண்பைப் பார்த்து அதைப் பயன்படுத்தத் தோன்றலாம். பழைய டிவைஸ் ட்ரீ அமைப்புகளுக்காக மட்டுமே அது விட்டுவைக்கப்பட்டிருக்கிறது, புதியவற்றில் பயன்படுத்தாதீர்கள் என்று கெர்னல் மூலத்திலேயே எழுதியிருக்கிறது. ஃபிளாக் போட்ட வரிக்கு மேலே, இது நின்றால் எது சாகிறது, ஏன் டிரைவர் இல்லை என்ற இரண்டையும் இரண்டு வரிகளில் எழுதிவையுங்கள். காரணம் எழுதாத ஃபிளாக்கை மூன்று ஆண்டுகள் கழித்து எடுக்கவும் துணிவு வராது, வைத்திருக்கவும் மனம் வராது.

கிரிட்டிகல் என்பது ஓட்டத்துக்கு மட்டுமே உறுதி; வேகத்துக்கு அன்று. பக்கத்துப் பிள்ளை ஒன்று தன் வேகத்தை மாற்றக் கேட்டு, அந்தக் கோரிக்கை தாய்வரை ஏறினால், நம் கிளாக்கும் நிற்காமலே வேகம் மாறிவிடும். வேகமும் மாறக் கூடாது என்றால் அதைப் பயன்படுத்துபவர் கிளாக் ரேட் எக்ஸ்க்ளூசிவ் கெட் என்ற அழைப்பின் மூலம் பூட்ட வேண்டும். சம்மரியில் மூன்றாவதாக வரும் கணக்கு இதற்குத்தான். உறக்க நிலையிலும் இந்த ஃபிளாக் மந்திரமாக வேலை செய்யாது. ஆழ்ந்த உறக்கத்தில் சில்லின் கிளாக் ரெஜிஸ்டர்களே மின்சாரம் இழந்தால், கெர்னலின் கணக்கு ஒன்று என்றே இருக்கும், வன்பொருளில் கதவு அடைபட்டிருக்கும். ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்கும் பொறுப்பு கிளாக் டிரைவருடையது. கிளாக் டிரைவரையே மாட்யூலாகக் கட்டினால் இன்னொரு வேடிக்கை நடக்கும்: கடைசிச் சுற்று ஒரே ஒருமுறைதான் நடக்கிறது என்பதால், அதற்குப் பின் பதிவான கிளாக்குகளை யாரும் சுத்தம் செய்வதில்லை. மாட்யூலாக இருந்தபோது நன்றாக ஓடிய போர்டு, அதே டிரைவரைக் கெர்னலுக்குள் சேர்த்துக் கட்டியதும் தொங்கினால் காரணம் பெரும்பாலும் இதுவே.

முடித்த பிறகு, போர்டு எழுந்துவிட்டது என்பதோடு நிறுத்தாமல், அந்தக் கிளாக்கோடு தாயைப் பகிர்ந்துகொள்ளும் ஒவ்வொரு டிரைவரையும் சிஸ்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை வழியாக அன்பைண்ட் செய்து (வன்பொருளிலிருந்து பிரித்து), சம்மரியில் தாயின் கணக்கு ஒன்றுக்குக் கீழே இறங்கவில்லை என்று பார்க்க வேண்டும். எங்கள் பம்ப் அறைப் போர்டுக்கு இந்தச் சோதனையை மேசையிலேயே செய்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்: பின்னர் செய்து பார்த்தபோது, எஸ்பிஐ டிரைவரை அன்பைண்ட் செய்த அடுத்த நொடியே பழைய கெர்னல் தொங்கியது. கிரிட்டிகல் போட்ட கெர்னலில் அதே வகுப்பியின் கணக்கு இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, அங்கேயே நின்றது. பச்சை விளக்கை மின்வழங்கியிலிருந்து பிரித்து ஹார்ட்பீட் தூண்டுதலில் இணைத்துக் கொண்டுபோய் மாட்டியபோது, விளக்கு ஏன் இப்படித் துடிக்கிறது, பழுதா தம்பி என்று பெரியவர் கேட்டார். துடிக்காவிட்டால்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதையே ஒரு சீட்டில் எழுதி சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.